ரைன் கரையில் பால் காய்ச்சினோம்

“பிள்ளை, நீ படிச்சதெல்லாம் சரி. ஆனால் மூண்டரைத் தொன் வீட்டை ஓட்டுறதுக்குப் பட்டம் காணாது, கை வேணும். கொப்பர் சுன்னாகத்திலை கைவண்டில் தள்ளினவர் எண்டாப்போலை உனக்கும் அது ரத்தத்திலை வருமோ?”

பரம் மாமா இதைச் சொன்னது ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் விழா மண்டபத்தில், றோல்ஸ் பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் அப்பாவோடு ஒரே மேசையில் நின்று மீன் வெட்டியவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மாமா சொன்னதைவிட அப்பா சிரித்ததுதான் எனக்குச் சுட்டது. அப்பா வண்டில் தள்ளியதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடத்துக்கே போகாதவர். எங்கள் இரண்டு பக்கத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். துரொண்ட்ஹெய்மில் பாலம் கட்டும் படிப்புப் படித்துப் பட்டம் வாங்கினேன் என்பதை எவர் முன்னாலும் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுவேன். அதனால் அன்று தலையை நிமிர்த்தி, “ஓட்டிக் காட்டிறன் மாமா” என்றேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அந்த ‘மூண்டரைத் தொன் வீடு’ என்னவென்று சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு விளங்கவே விளங்காத ஒரு விஷயம் இருந்தது. ஜூன் மாதம் பிறந்ததும், நல்ல வீடு வாசல் உள்ள நோர்வேக்காரர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாகனத்துக்குள் படுக்கப் போய்விடுவார்கள். அதற்குள் அடுப்பு இருக்கும், கட்டில் இருக்கும், கழிப்பறைகூட இருக்கும். வசிப்பதற்கான சொல்லையும் காருக்கான சொல்லையும் ஒட்டி அதைப் ‘பூபில்’ என்கிறார்கள். ஹம்மர்பெஸ்டில் எங்கள் யன்னலால் பார்த்தால் கடற்கரையில் வரிசையாக நிற்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா யன்னல் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியைக் கேட்பார்: “வீடு இருக்கிற சனம் ஏன் றோட்டிலை படுக்குது?”

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்ட அந்தப் பெரிய இடப்பெயர்வில் அம்மாவின் வயிற்றில் நான் இருந்தேன். யாரோ ஒருவருடைய டிராக்டர்ப் பெட்டியில், அரிசி மூட்டைக்கும் ஒரு தையல் மெசினுக்கும் நடுவில் அம்மா நாட்கணக்கில் படுத்தெழும்பினார். வாகனத்துக்குள் படுப்பது என்றால் அம்மாவுக்கு அதுதான். அதை விரும்பிச் செய்வார்கள் என்பதை அவரால் நம்பவே முடியவில்லை.

இப்போது நாங்கள் ஒஸ்லோவில், புருசெத்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். அப்பாவின் தோள் மீன் வெட்டி வெட்டிப் பழுதான பிறகு தெற்கே வந்துவிட்டார்கள். நான் ஒரு பொறியியல் கம்பனியில் வேலை செய்கிறேன். போன வசந்தத்தில் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு வேலையைக் காட்டினார். வடக்கிலே, அடுத்த வருடம் மே தொடங்கி ஒக்டோபர் வரைக்கும், ஒரு பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்குப் போய் அவற்றைப் பரிசோதிக்க வேண்டும். தங்குவதற்குக் கம்பனி ஒரு பூபில் தரும். அதுவரை அந்த வேலையை ஆண்கள்தான் செய்திருந்தார்கள். கேட்டவுடனே என் காது சூடானது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, “நான் திரிஞ்சது காணாதோ? நீயும் வாகனத்திலை சீவிக்கப் போறியோ?” என்றார்.

மீறிப் போயிருக்கலாம். இந்த நாட்டில் என் வயதுப் பெண்ணை யாரும் மறிக்க மாட்டார்கள். ஆனால் நான் போன ஒவ்வொரு நாளும் அம்மா என்னை அந்த டிராக்டர்ப் பெட்டிக்குள் கிடப்பவளாக நினைத்துக்கொண்டு இருப்பார். ஆறு மாதம் அப்படி அவரை வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. மேலதிகாரியிடம், கோடை விடுமுறை முடிந்து வந்து பதில் சொல்கிறேன் என்றேன். அம்மாவிடம் ஒரு பேரம் பேசினேன். ஒரு கிழமை, மூன்று பேரும், ஒரு பூபிலில். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

“நோர்வேக்குள்ளை மாட்டன். தெரிஞ்ச சனம் பார்க்கும்” என்றார் அம்மா. “ஜேர்மனி எண்டால் வாறன். ஒரு இரவு படுத்துப் பார்ப்பன். ஒத்துவரேல்லை எண்டால் அடுத்தநாள் பிளேன். அதோடை இந்த வேலைக் கதையும் முடிஞ்சுது. சரியோ?”

“சரி” என்றேன். இடத்தை நான் தெரிவு செய்தேன். மைன்ஸ் நகரத்துக்கும் கோப்ளென்ஸ் நகரத்துக்கும் இடையில் ரைன் ஆறு மலைகளைப் பிளந்துகொண்டு போகிற பள்ளத்தாக்கு. இரண்டு கரையிலும் கோட்டைகள், திராட்சைத் தோட்டங்கள், பழைய ஊர்கள். ஆனால் என்னை இழுத்தது அவை இல்லை. அந்தத் துண்டில், அவ்வளவு நீளத்துக்கு, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம்கூட இல்லை! பாலம் படித்தவளுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, பக்கத்து ஊரில் வாடகைக்கு எடுத்த பூபிலைக் கண்டதும் எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. வெள்ளை வெளேரென்று, எங்கள் வரவேற்பறை நீளத்தைவிட நீளமாக நின்றது. வாடகைக்குக் கொடுத்த பெண் எனக்குக் கண்ணாடிகளையும் தண்ணீர்த் தாங்கியையும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா கைப்பையிலிருந்து தேசிக்காய் எடுத்துச் சில்லுக்கு ஒன்றாக வைத்துவிட்டார். அந்தப் பெண் அவை எங்கள் சாமான் பையிலிருந்து உருண்டவை என்று நினைத்துக் குனிந்து பொறுக்கி, துடைத்து, மரியாதையாக அம்மாவின் கையில் கொடுத்தாள். அம்மா நன்றி சொல்லி வாங்கி, அவள் திரும்பியதும் மறுபடி வைத்தார். நான் எஞ்சினை இயக்கினேன். நசுங்கிய சத்தம் கேட்டதும் பின்னால் அம்மா, “ம், இனிப் போ” என்றார்.

முதல் அரை மணித்தியாலம் கண்ணாடிகளையே பார்த்துப் பார்த்து ஓட்டினேன். பிறகு பள்ளத்தாக்கு திறந்தது. இடது கரையோடு தெரு, தெருவுக்கு ஒரு பக்கம் தண்டவாளம், மறு பக்கம் அகன்ற பழுப்பு நிற ஆறு. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கோட்டை எட்டிப் பார்த்தது. நோர்வேயில் மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஆளே இருக்காது. இங்கே ஒவ்வொரு சாண் நிலத்தையும் யாரோ பிடித்து, மதில் கட்டி, திராட்சை நட்டிருந்தார்கள். எனக்குப் பாட்டு வந்தது. அப்பா முன் இருக்கையில் இருந்து கோட்டைகளை எண்ணத் தொடங்கி விட்டுவிட்டார்.

“ஒரு ஆத்துக்கு இவ்வளவு கோட்டையோ?”

“முந்தி ஒவ்வொரு ராசாவும் போற வாற படகை மறிச்சு வரி எடுக்கிறதாம் அப்பா.”

“அப்ப செக்பொயின்ற் எண்டு சொல்லு” என்றார் அப்பா. “இஞ்சரும், கேட்டீரே? இந்தச் சனத்துக்கும் நல்லா இழுபட்ட காலம் இருந்திருக்கு.”

“அவை வரியை மட்டும் எடுத்திட்டு விட்டிருக்கினம்” என்றார் அம்மா பின்னாலிருந்து.

பாக்கராக் என்ற ஊரில் ஆற்றோரமாகப் பூபில்கள் நிறுத்தும் இடத்தில் எங்கள் இடத்தைப் பிடித்தேன். பக்கத்து வாகனங்கள் எல்லாம் கோடு போட்டதுபோல நின்றன. நான் கட்டில் விரிப்பைப் போடப் போனபோது அம்மா மறித்தார். “பொறு. சாமான் ஒண்டையும் எடுக்காதை. இதிலை படுக்கிறதெண்டால் இது வீடு. வீடெண்டால் முதலிலை பால் காய்ச்ச வேணும்.” தேசிக்காய் வைத்தபோது அது வாகனம். இப்போது வீடு. அம்மாவின் கணக்கில் இரண்டுக்கும் குறை வைக்கக் கூடாது. ஒஸ்லோவிலிருந்தே ஒரு சின்னச் சட்டி கொண்டுவந்திருந்தார். மூன்று பேரும் கிழக்கே பார்த்து நின்றோம். அந்தக் குட்டி அடுப்பில் பால் நுரைத்து எழும்பியது.

அந்தப் பால் பொங்கி நெருப்பில் விழுந்த கணத்தில் புகை எழுந்தது. கூரையிலிருந்த எச்சரிக்கை மணி வீறிட்டது. கதவு படாரென்று திறந்தது. அரைக் காற்சட்டையோடு ஒரு கிழவர், கையில் நெருப்பணைக்கும் போர்வையோடு, படியில் நின்றார். பக்கத்து வாகனத்துக்காரர், பெயர் ஹெல்முட் என்று பிறகு அறிந்தோம்.

“எரிவாயுவை மூடுங்கள்!” என்று ஜெர்மன் மொழியில் கத்தினார்.

“மூடாதை பிள்ளை! பொங்கட்டும்!” என்று அம்மா கத்தினார்.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் கரண்டியோடு நின்றேன். பால் சட்டியின் விளிம்பால் வழிந்து, அடுப்பால் இறங்கி, மேசைத் தட்டில் ஓடி, நிலத்தில் சொட்டியது. அம்மா கும்பிட்டார். பிறகு தாமே எரிவாயுவை மூடிவிட்டு அந்த மனிதரைப் பார்த்து மலர்ந்து சிரித்தார். அப்பா ஒரு துவாயை விசுக்கி மணியை ஓயவைத்தார்.

ஹெல்முட் போர்வையை மெல்ல இறக்கினார். “வேண்டுமென்றா வழியவிட்டீர்கள்?”

பள்ளிக்கூடத்தில் நான் படித்த ஜெர்மன் அன்றைக்குத்தான் முதல் தடவை உண்மையான வேலைக்கு உதவியது. “ஆம். புதிய வீட்டுக்கு வந்தால் நாங்கள் முதலில் பாலைப் பொங்கவிடுவோம். எந்தப் பக்கம் வழிகிறது என்றும் பார்ப்போம்.”

அவர் குனிந்து, பால் ஓடிய தடத்தை விரலால் தொடர்ந்து பார்த்தார். நிலத்திலும் பார்த்தார். முகம் தெளிந்தது. “எல்லாம் ஆற்றுப் பக்கம் ஓடியிருக்கிறது. நல்ல முறைதான். ஆனால் மட்டம் பார்க்க ஒரு சின்னக் கருவி விற்கிறார்களே, பால் வீணாகாது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். திரும்பி வரும்போது இரண்டு மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் ஆப்புகள் கொண்டுவந்தார்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“எங்கடை வீடு ஆத்துப் பக்கம் சரிஞ்சு நிக்குதாம். சில்லுக்கு ஆப்பு வைச்சு நிமித்தட்டாம்.”

“சரிஞ்சோ? அவருக்கென்ன விசரோ? கிழக்காலை பொங்கியிருக்கு. அந்தாளுக்கு அதைச் சொல்லு.”

சொன்னேன். ஹெல்முட் கைத்தொலைபேசியை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்து ஆற்றுப் பக்கம் நீட்டிப் பார்த்தார். “சரியாகக் கிழக்கு” என்று அம்மாவுக்குத் தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினார். ஒரே பாலைப் பார்த்து ஒருவர் சகுனம் கண்டார், மற்றவர் சாய்வு கண்டார். இரண்டு பேருக்கும் தாங்கள் சொன்னதுதான் மற்றவருக்கும் விளங்கியிருக்கிறது என்ற திருப்தி.

நான் வாகனத்தை மெல்ல ஆப்பில் ஏற்றும்போது அப்பா சந்தேகப்பட்டார். “இஞ்சரும், நிமித்தினால் பொங்கின பலன் மாறாதோ?”

“பொங்கினது பொங்கினதுதான். நீங்கள் சும்மா இருங்கோ” என்றார் அம்மா. மிச்சப் பாலில் சீனி போட்டு ஹெல்முட்டுக்கும் மனைவிக்கும் கொடுத்தோம். அடுப்பில் தீய்ந்ததை உரஞ்ச எனக்கு வெகுநேரம் எடுத்தது. ஆனால் பேரத்தின் பாதி இன்னும் மிச்சமிருந்தது. அம்மா படுக்க வேண்டும்.

அந்தப் பள்ளத்தாக்கின் அழகான படங்களில் ஒரு விஷயத்தைக் காட்டமாட்டார்கள். இரண்டு கரையிலும் தண்டவாளம் ஓடுகிறது, இரவெல்லாம் சரக்கு ரயில் போகிறது. ஒவ்வொரு ரயிலுக்கும் எங்கள் கோப்பைகள் கிலுங்கின. நான் அம்மாவின் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்து, எப்போதோ நித்திரையாகிவிட்டேன். விடிந்து கண்ணைத் திறந்தபோது அவர் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. பிளேன்தான் என்று நினைத்தேன்.

அம்மா முன் இருக்கையில் இருந்தார், தேத்தண்ணீரோடு, ஆற்றைப் பார்த்தபடி.

“நித்திரை கொண்டனீங்களோ அம்மா?”

“இந்தக் கோச்சியள் விட்டால்தானே” என்றார். “அதை விடு. அங்கை பார்.”

ஒரு நீளமான சரக்குப் படகு, நீரோட்டத்துக்கு எதிராக, நடந்து போகிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் முழுவதும் கரி. பின்னால் ஒரு வீடு. யன்னலுக்கு வெள்ளைச் சேலை, சட்டிகளில் சிவப்புப் பூ, மேலே ஒரு சின்னக் கார். ஒரு பெண் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அதிலை தான் இருக்கினமோ?”

“ஓம் அம்மா. படகுதான் அவைக்கு வீடு. சுவிஸ் வரைக்கும் போய் வருவினம்.”

“அவ இப்ப வேலைக்குப் போறாவோ, வீட்டிலை நிக்கிறாவோ?”

“ரெண்டும்தான்.”

அம்மா தேத்தண்ணீரை ஒரு வாய் குடித்தார். படகு வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தார். “ஆரும் கலைக்கேல்லை, என்ன?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். “பூக்கண்டும் வைச்சிருக்கிறா” என்றார். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, “இண்டைக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பிளேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஞாபகம் வந்துவிடும் என்று பயந்தேன்.

அன்றைக்கு ஆற்றுக்கு அப்பால் நின்ற ஒரு பெரிய பாறையைப் பார்த்தோம். பேருந்து பேருந்தாகச் சனம் இறங்கிப் படம் எடுத்தது. அதன் உச்சியில் ஒரு பெண் இருந்து தலைவாரிப் பாடினாளாம், படகோட்டிகள் அவளைப் பார்த்துப் பாதை தவறிப் பாறையில் மோதினார்களாம். நான் சொல்லி முடிக்க முதலே அம்மா, “ஓட்டத் தெரியாதவங்கள் பொம்பிளையிலை பழியைப் போட்டிருக்கிறாங்கள்” என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இந்தச் சிரிப்பு எனக்குச் சுடவில்லை.

பிறகு வந்தது நான் காத்திருந்த இடம். பாலம் இல்லாததால் சங்க்ட் கோவார் என்ற ஊரில் வாகனங்களை மிதவைப் படகில் ஏற்றித்தான் அக்கரைக்குப் போகவேண்டும். கரை ஆற்றுக்குள் சரிவாக இறங்கும், படகின் தட்டு மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவில் எங்கள் பூபிலின் நீண்ட பின்பக்கம் நிலத்தில் உரசினால் கதை முடிந்தது. நோர்வேயில் ஃபெரிக்குக் குறைவில்லை, ஆனால் அங்கே காரில் ஏறியிருக்கிறேன், வீட்டோடு ஏறியதில்லை. ஏற்றிவிடும் ஆள் இரண்டு கைகளையும் தன் பக்கம் இழுத்துக் காட்டினார். நேராக இறங்காமல் கொஞ்சம் கோணலாக, நத்தை வேகத்தில் இறங்கினேன். அப்பா கண்ணை மூடி, “முருகா, முருகா” என்றார். முன் சில்லு தட்டில் ஏறியது. பின்பக்கத்தில் சத்தம் ஒன்றும் இல்லை. அந்த ஆள் என்னை இன்னும், இன்னும் என்று கூப்பிட்டு, முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு முழம் விட்டு நிறுத்தச் சொல்லி, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் ஸ்டேரிங்கில் தாளம் போட்டுக் கத்தினேன். அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். உடனே கைத்தொலைபேசியை எடுத்து, என்னையும் ஆற்றையும் சேர்த்துப் படம் பிடித்து, அதற்குள் வாயை வைத்துச் சொன்னார்: “பரம், கை இருக்கு. வந்து பார்.”

படகு நடு ஆற்றுக்கு வந்தது. நாங்கள் இறங்கிக் கம்பியைப் பிடித்து நின்றோம். “இவ்வளவு கெட்டிக்காரச் சனத்துக்கு ஒரு பாலம் போடத் தெரியாதோ?” என்றார் அம்மா.

“தெரியும். பள்ளத்தாக்கின்ரை வடிவு கெட்டுப்போகும் எண்டு கனகாலமா வாதாடிக்கொண்டிருக்கினமாம்.”

“அப்ப உனக்குத் தாற வேலை என்ன? பாலம் கட்டுறதோ?”

“கட்டினது இன்னும் நிக்குமோ எண்டு பார்க்கிறது. அடியிலை இறங்கி, சுத்தியலாலை தட்டித் தட்டிப் பார்க்க வேணும்.”

“தட்டினால்?”

“நல்ல கொங்கிறீட் எண்டால் கணீரெண்டு கேட்கும். உள்ளுக்குப் பழுதெண்டால் சத்தம் அடைச்சுப்போய் வரும்.”

“தேங்காய் வாங்கிறமாதிரி.”

“ஓம், அதே மாதிரி.”

“நீ பிழையாக் கேட்டால்?”

“ஒருநாள் பள்ளிக்கூட பஸ் போகேக்கை உடையலாம்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். காற்றில் அவர் முடி கலைந்திருந்தது. “இதையேன் நீ முதலே சொல்லேல்லை? வந்து நிண்டு, வாகனம் தருவினம், வாகனத்திலை படுக்கலாம் எண்டுதானே துள்ளினாய்? என்ன வேலை எண்டு ஒரு சொல் சொன்னியே?”

உண்மைதான். இவ்வளவு படித்தும், படித்தது என்னவென்று அம்மாவுக்கு நான் ஒருநாளும் விரித்துச் சொன்னதில்லை. அவருக்கு விளங்காது என்று எனக்குள் இருந்திருக்கிறது. அவருக்கோ ஒரு தேங்காயளவு நேரம்தான் பிடித்தது.

“ஆடி மாதம் நானும் வருவன்” என்றார். “ஒரு மாதம் நிப்பன். ஆனால் கழிப்பறைத் தாங்கியை நீதான் ஊத்த வேணும்.” நான் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். பக்கத்திலிருந்த சைக்கிள்காரர்கள் என்னவோ ஏதோவென்று கைதட்டினார்கள். அக்கரை ஏறியதும், முதலில் கண்ட திடலில் நிறுத்தி ஒஸ்லோவுக்கு அழைத்தேன். “யாய் தார் தென்” என்றேன். நான் அதை எடுக்கிறேன். மேலதிகாரி, விடுமுறை முடியட்டுமே என்றார். முடிய வேண்டாம், இப்போதே எழுதுங்கள் என்றேன். மிச்ச நாட்களில் கோப்ளென்ஸ் வரைக்கும் போனோம், மோசல் ஆறு வந்து சேரும் முனையில் நின்றோம், அப்பா ஒவ்வொரு ஊரிலும் பாண் வாங்கி ஒப்பிட்டார்.

புருசெத்தில் எங்கள் புளொக்குக்குப் பக்கத்தால் போகிற பெரிய தெருவுக்கு ஈ-ஆறு என்று பெயர், ஆறு என்பது அதன் இலக்கம். அதன் இரைச்சலைக் கேட்டபடிதான் ஒஸ்லோவில் இவ்வளவு காலமும் தூங்கியிருக்கிறேன். அதே தெருதான் நாட்டின் முதுகால் ஏறி, துரொண்ட்ஹெய்மைத் தாண்டி, வடகோடியிலுள்ள பின்மார்க் வரைக்கும் போகிறது. இந்த வருடம் மே மாதத்தில், கம்பனி தந்த பூபிலை அந்தத் தெருவில் ஏற்றினேன். யன்னலில் நின்ற அம்மாவும் அப்பாவும் கண்ணாடியில் சிறுத்துப் போனார்கள்.

இதைத் துரொண்ட்ஹெய்முக்கு வடக்கே, ஒரு சிற்றாற்றின் கரையில் இருந்து எழுதுகிறேன். இன்றைக்கு முதல் பாலத்தை முடித்தேன். ஒரு தூணின் அடியில் மட்டும் சத்தம் அடைத்து வந்தது, வட்டம் போட்டு அடையாளம் வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வாகனத்தை வடிவான பக்கம் பார்க்க நிறுத்தினேன். சாப்பிடும் நேரம் அம்மா அழைத்தார்.

“தலை எந்தப் பக்கம் வைச்சுப் படுக்கப் போறாய்?”

எனக்கு அந்த யோசனையே வரவில்லை. கட்டில் பின்பக்கத்தில் அசைக்க முடியாமல் பொருத்தப்பட்டது. வெளியே இறங்கிச் சூரியனைப் பார்த்தேன். தலை சரியாக வடக்கே இருந்தது.

“வடக்காலையோ? எழும்பு, எழும்பி வாகனத்தைத் திருப்பு. வீடெண்டால் கட்டிலைத் திருப்புவம். உன்ரை வீட்டைத்தான் திருப்ப வேணும்.”

எஞ்சினை இயக்கி, பாலத்தடியில் முன்னும் பின்னுமாக எடுத்து, முழு வீட்டையும் திருப்பி நிறுத்தினேன். இப்போது என் தலை தெற்கே இருக்கிறது. அந்தப் பக்கம்தான் ஒஸ்லோ, அதற்கும் அப்பால் வெகுதூரத்தில் யாழ்ப்பாணம். கால் வடக்கே நீண்டிருக்கிறது. நாளைக்கு அடுத்த பாலம் அந்தப் பக்கம்தான்.